‘விடாது கருப்பு’ பார்த்து பயந்த பிள்ளைகளும், இன்னைக்கு போன் பார்த்து பயப்படுற பிள்ளைகளும்: ஒரு நீண்ட இழை

1/
ராத்திரி ஒன்றரை மணி. ஒரு ஏழு வயசுப் பையனைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. மூணு நாளா தூங்கினா அலறி எழுந்திரிக்கிறான். எப்பவோ நின்னுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்திருக்கு. கையில் புதுசா ஒரு தாயத்து. முதுகில் அடி வாங்கின தடம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லைன் வீட்டுல குடியிருக்கிற குடும்பம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஷிஃப்ட் வேலை. அவங்க கேட்ட முதல் கேள்வி: “சார், இது வலிப்பா, இல்ல காத்து கருப்பா?” காய்ச்சல் இல்லை, கழுத்து விறைப்பு இல்லை, கை கால் வெட்டி இழுக்கலை, நினைவு தப்பலை, சர்க்கரை அளவு சரியா இருந்துச்சு.

3/
பையனைப் பக்கத்துல உட்கார வச்சு மெதுவா கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு சொன்னான்: “அந்தப் பொம்மை வரும் சார்.” போன்ல பார்த்த வீடியோ. பெரிய வாய், நிறைய பல்லு. வீட்ல ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். “போன் எடுத்ததுக்கு அடிப்பாங்க.”

அவன் அதைச் சொன்னப்போ எனக்கு 1997 ஞாபகம் வந்துச்சு.

4/
2024 நவம்பர் 10 அன்னைக்கு எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். அன்னைக்கு என் டைம்லைன் முழுக்க முப்பது, நாப்பது வயசு ஆளுங்க ஒரே விஷயத்தைத்தான் எழுதினாங்க. “மர்மதேசம் பார்த்துட்டு பாத்ரூம் போகப் பயந்தேன்.” “போர்வைக்குள்ள இருந்துதான் பார்த்தேன்.” ஒரு தலைமுறையோட பயத்துக்கு ஒரே பேர்.

5/
தெரியாதவங்களுக்கு: சன் டிவி 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு ஆரம்பிச்சுது. 90களின் நடுவுல கே.பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்புல, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க ‘மர்மதேசம்’ வந்துச்சு. முதல்ல ‘ரகசியம்’. அடுத்து 1997-98ல ‘விடாது கருப்பு’. சேத்தன், தேவதர்ஷினி நடிச்சது.

6/
அது குழந்தைகளுக்கான தொடரே இல்லை. ஆனா வீட்டுக்கு ஒரே டிவி, சில தெருவுக்கே ஒரே டிவி. பெரியவங்க பார்த்தா பிள்ளைங்களும் பார்த்தே ஆகணும். அதனால தமிழ்நாட்டுல ஒரு தலைமுறைக் குழந்தைகளோட முதல் திகில் தொடர், பெரியவங்களுக்காக எடுத்த ஒண்ணா அமைஞ்சுபோச்சு.

7/
அதுல என்ன பயம்? ஊர்ல தப்பு செஞ்சவங்களை கருப்பு தண்டிக்கும். வெள்ளைக் குதிரை, அந்தக் குளம்புச் சத்தம். பேயை வெளிப்படையா காட்டவே மாட்டாங்க. வரப்போகுதுன்னு மட்டும் காட்டுவாங்க. கதை ரெண்டு காலத்துல நகரும், ஒண்ணுல கதையோட மையமே ஒரு சின்னப் பையன். நம்ம வயசுப் பையன் பயப்படுறதை நாம பார்த்துப் பயந்தோம்.

8/
இங்க ஒரு முரண் இருக்கு. கருப்பசாமி காவல் தெய்வம். ஊர் எல்லையில நின்னு ஊரைக் காக்கிற சாமி. தென் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது குலசாமி, கெடா வெட்டி பொங்கல் வைக்கிற சாமி. எங்க பக்கம் அந்த இடத்துல முனீஸ்வரன் இருப்பார். எங்களுக்குக் கருப்பு அறிமுகமானதே டிவி வழியாத்தான். காக்கிற முகம் தெரியுறதுக்கு முன்னாடி தண்டிக்கிற முகம் தெரிஞ்சுபோச்சு.

9/
என் கதை. அந்த வாரம் அப்பா சட்டைப் பையில இருந்து ரெண்டு ரூபா எடுத்திருந்தேன். கருப்பு தப்பு செஞ்சவனைத்தானே தேடி வரும்? அப்ப அடுத்தது நான்தான். கிட்டத்தட்ட ஒரு மாசம் ராத்திரி கொல்லைப்புறக் கக்கூசுக்குப் போகாம படுக்கையை நனைச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு ரூபா விஷயம் யாருக்கும் தெரியாது.

10/
எங்க ஆயாதான் ஒருநாள் ராத்திரி டார்ச் லைட்டோட கூட வந்து, கதவுக்கு வெளிய உட்கார்ந்து வெத்தலை இடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் பயமில்லை. ரெண்டு ரூபாயை அவங்ககிட்ட ஒத்துக்கிட்டேன். “அவ்ளோதானா”ன்னாங்க. அன்னையோட சரி. ஆயா செஞ்சதுக்கு பின்னாடி ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்குன்னு டாக்டரான பிறகுதான் படிச்சேன். அதுக்கு வர்றேன்.

11/
அதுக்கு முன்னாடி உலகத்துல மத்த இடங்கள்ல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். 1976 பிப்ரவரி, அமெரிக்கா. ‘செசமி ஸ்ட்ரீட்’, சின்னக் குழந்தைகளுக்குன்னே எடுக்கிற நிகழ்ச்சி. அதுல ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்துல சூனியக்காரியா நடிச்ச மார்கரெட் ஹாமில்டனை அதே வேஷத்துல கொண்டு வந்தாங்க. நோக்கம் நல்லதுதான். ஆனா பிள்ளைங்க பயந்து அழுறாங்கன்னு பெற்றோர் கடிதமா எழுதித் தள்ளினாங்க. அந்த எபிசோடை மறுபடி ஒளிபரப்பவே இல்லை.

12/
அதே நடிகையை அதுக்கு முந்தின வருஷம் ஃப்ரெட் ரோஜர்ஸ் தன்னோட குழந்தைகள் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார். அவர் செஞ்சது வேற. சாதாரணப் பாட்டியா வந்தாங்க. உடையை ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, போட்டுக்கிட்டு, “பாருங்க, இது நான்தான்”னு காட்டினாங்க. ஒரே ஆள், ஒரே வேஷம். ஆனா பயத்தோட உள்பக்கத்தைத் திறந்து காட்டுறது வேற, பயத்தை மட்டும் காட்டுறது வேற.

13/
அடுத்து 1992 அக்டோபர் 31, பிரிட்டன். பிபிசி ‘கோஸ்ட்வாட்ச்’னு ஒரு நாடகத்தை ஒளிபரப்புச்சு. பேய் இருக்கிற வீட்டுல இருந்து நேரலை மாதிரியே எடுத்தது. நாடகம்னு பட்டியல்ல போட்டிருந்தாலும், அதை நடத்தினது மைக்கேல் பார்க்கின்சன், மக்கள் நம்பின நிஜத் தொகுப்பாளர். குழந்தைகள் நிகழ்ச்சி செஞ்ச சாரா க்ரீனும் அதுல இருந்தாங்க. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச அக்காவையே பேய் பிடிச்சுக்கிட்டுப் போச்சு.

14/
1994ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ரெண்டு டாக்டர்கள், சைமன்ஸ், சில்வேரா, ஒரு அறிக்கை எழுதினாங்க. இந்த நாடகத்தைப் பார்த்த பத்து வயசுப் பசங்க ரெண்டு பேர். கெட்ட கனவு, இருட்டுப் பயம், அம்மாவை விட்டு நகர மறுப்பு. ஒருத்தனை வாரக்கணக்குல குழந்தைகள் மனநலப் பிரிவுல சேர்க்கவேண்டி வந்துச்சு. டிவி நிகழ்ச்சியால வந்த பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வர்ற மனநோய்னு அவங்க எழுதினாங்க.

15/
உடனே விவாதம். மத்த டாக்டர்கள் கடிதம் எழுதினாங்க. எங்ககிட்டயும் இப்படிப் பிள்ளைங்க வந்தாங்க, ஆனா சீக்கிரம் சரியாயிட்டாங்க, இதைப் பிடிஎஸ்டின்னு சொல்லலாமான்னு கேள்வி. 2013ல வந்த டிஎஸ்எம்-5 நோயறிதல் கையேடு இதுக்கு ஒரு கோடு போட்டுச்சு: டிவி, சினிமா, படம் வழியா மட்டும் பார்த்தது (வேலைக்காகப் பார்க்கவேண்டி வந்தா ஒழிய) பிடிஎஸ்டிக்கான பேரதிர்ச்சிக் கணக்குல வராது.

16/
இதைத் தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாது. ‘பிடிஎஸ்டி இல்லை’ன்னா ‘ஒண்ணும் இல்லை’ன்னு அர்த்தம் கிடையாது. பிள்ளை நடிக்குதுன்னும் அர்த்தம் கிடையாது. அந்தப் பேருக்குள்ள வரலைன்னாலும் தூக்கம் போறது நிஜம், படுக்கை நனையுறது நிஜம், பள்ளிக்கூடம் போகாம அடம்பிடிக்கிறது நிஜம்.

17/
‘விடாது கருப்பு’ ஓடிக்கிட்டிருந்த அதே 1997ல, டிசம்பர் 16, ஜப்பான்ல போகிமான் கார்ட்டூன்ல ஒரு காட்சி. சிவப்பும் நீலமும் படபடன்னு மாறி மாறி மின்னுச்சு. 685 பிள்ளைங்களை ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. இது பயத்தால இல்லை, வெளிச்சத்தால. கண்ணுல அடிக்கிற ஒளி மூளையைத் தூண்டிச் சிலருக்கு வலிப்பு வரும். அதனாலதான் அந்த அப்பா கேட்ட “வலிப்பா?”ங்கிற கேள்வியை நான் லேசா எடுத்துக்கல.

18/
நம்ம ஊர்லயும் அதே 1997 செப்டம்பர்ல ‘சக்திமான்’ ஆரம்பிச்சுது. சக்திமான் வந்து காப்பாத்துவார்னு நம்பிப் பிள்ளைங்க ஆபத்தான வேலை செஞ்சதா செய்திகள் வந்துச்சு. நடிகர் முகேஷ் கன்னா அதை மறுத்தார். ஆனா எபிசோட் முடிவுல பிள்ளைங்ககிட்ட நேரடியாப் பேசி புத்தி சொல்ற பகுதி ஞாபகம் இருக்கும் பலருக்கு. கதை முடிஞ்சதும் ஒரு பெரியவர் வந்து பேசணும்ங்கிற தேவை அந்தத் தொடருக்கும் புரிஞ்சிருந்துச்சு.

19/
இப்ப ஆராய்ச்சிக்கு வருவோம். ஜோன் கேன்டர்னு அமெரிக்காவுல ஒரு பேராசிரியர், குழந்தைகளும் திரையில பார்க்கிற பயமும்தான் அவங்க வாழ்நாள் வேலை. 1999ல கிறிஸ்டன் ஹாரிசனோட சேர்ந்து சுமார் 150 கல்லூரி மாணவர்களைக் கேட்டாங்க. பத்துல ஒன்பது பேர் சின்ன வயசுல டிவி, சினிமா பார்த்து நீண்டநாள் பயந்ததைச் சொன்னாங்க. கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு அந்தப் பயம் அப்பவும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நம்ம டைம்லைன்ல நடந்ததும் இதேதான்.

20/
இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ தொடர். நல்ல மனுஷன் கோபம் வந்தா பச்சை ராட்சசனா மாறி நல்லவங்களைக் காப்பாத்துவார். பள்ளிக்கூடம் போற வயசுப் பிள்ளைங்களுக்கு அது ஹீரோ. நாலஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு அது வெறும் பச்சை ராட்சசன். அவன் நல்லவன்னு எவ்வளவு சொன்னாலும் ஏறாது.

21/
காரணம் வளர்ச்சி. சுமார் ஏழு வயசு வரைக்கும் பிள்ளைக்கு கண்ணுல பட்டதுதான் உண்மை. உருவம் கோரமா இருந்தா ஆபத்து, அவ்வளவுதான். எட்டு, ஒன்பது வயசுக்கு மேல உருவத்தை விட ‘இது எனக்கு நடக்குமா?’ங்கிறதுதான் பயம். என் ரெண்டு ரூபா பயம் இந்த ரகம். கருப்போட முகத்தை நான் பார்க்கவே இல்லை, அவரோட சட்டத்தைப் பார்த்துதான் பயந்தேன்.

22/
அதனால மருந்தும் வயசுக்கு ஏத்த மாதிரி மாறும். பெரிய பிள்ளைக்கு விளக்கம் வேலை செய்யும்: “இது மேக்கப், இது கம்ப்யூட்டர்ல செஞ்சது, நம்ம ஊர்ல நடக்காது.” சின்னப் பிள்ளைக்கு விளக்கம் வேலை செய்யாது. “அதெல்லாம் பொய்டா, போய்ப் படு” செல்லவே செல்லாது. கூட இருக்கிறது, கையைப் பிடிக்கிறது, தண்ணி குடுக்கிறது, விளக்கு போடுறது: இதுதான் வேலை செய்யும். ஆயா வெத்தலை இடிச்ச சத்தம்தான் எனக்கு மருந்து.

23/
‘விடாது கருப்பு’க்குத் திரும்புவோம். அதுல ஒரு நேர்மை இருந்துச்சு. கடைசியில் முடிச்சை அவிழ்த்தாங்க. குதிரையில் வந்தது யார், ஏன்னு மனநலக் கோணத்துல, பிளவு ஆளுமைன்னு ஒரு விளக்கம் கொடுத்தாங்க. (இன்னும் பார்க்காதவங்களுக்காக யாருன்னு சொல்லல.) மருத்துவரா இன்னைக்குப் பார்த்தா அதுல சினிமாத்தனம் நிறைய இருக்கு. நிஜத்துல அது அரிதான, சிக்கலான நிலை. மனநோய் உள்ளவங்க எல்லாம் ஆபத்தானவங்கன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. ஆனாலும் பயத்துக்கு ஒரு பதில் இருக்குன்னு அந்தத் தொடர் எங்களுக்குச் சொல்லுச்சு.

24/
குறையும் சொல்லணும். பதில் வர்றதுக்கு மாசக்கணக்கா ஆச்சு. வாரத்துக்கு ஒரு எபிசோட், உச்சத்துல ‘தொடரும்’. பெரியவங்களுக்கு அது சஸ்பென்ஸ். ஏழு வயசுப் பிள்ளைக்கு அது ஏழு ராத்திரி. இடையில பார்க்கிறதை நிறுத்தின பிள்ளைக்கு பயம் மட்டும் மிச்சம், பதில் கிடைக்கவே இல்லை. அதனால ‘எங்க காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சு’ன்னு சொல்ல மாட்டேன்.

25/
சட்டம்? இருக்கு. கேபிள் டிவி விதிகள் 1994, விதி 6: மூடநம்பிக்கையை ஊக்குவிக்கிற நிகழ்ச்சி கூடாது. பிள்ளைங்க அதிகமா பார்க்கிற நேரத்துல அவங்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சி போடக்கூடாது. ஓடிடிக்கு 2021 விதிகள்ல வயசு வகைப்பாடு வந்துச்சு: யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ. நேரத்தை வச்சுக் காவல் காத்த சட்டம், நேரமே இல்லாத போனுக்கு முன்னாடி என்ன செய்யும்? பிள்ளை கையில் இருக்கிற குட்டி வீடியோவுல வயசும் இல்லை, நேரமும் இல்லை.

26/
இன்னைக்கு என்ன மாறியிருக்கு? மூணு விஷயம்.
ஒண்ணு, தனியாப் பார்க்கிறாங்க. அன்னைக்குப் பத்துப் பேர் நடுவுல உட்கார்ந்து பயந்தோம்.
ரெண்டு, முடிவே இல்லை. முப்பது விநாடி பயம், அடுத்த வீடியோவும் பயம், பதில் எங்கயும் கிடையாது.
மூணு, கார்ட்டூன் வேஷம். பொம்மை மாதிரி இருக்கும், குழந்தைப் பாட்டு ஓடும், நடுவுல பல்லு வரும். பெரியவங்க எட்டிப் பார்த்தா ‘பொம்மை வீடியோ’ன்னுதான் தெரியும்.

27/
ஆனா அந்தப் பெற்றோரைத் திட்ட எனக்கு மனசு வரலை. சொந்தக்காரங்க யாரும் இல்லாத ஊர். ரெண்டு பேரும் ஷிஃப்ட். எங்க ஆயா மாதிரி ஒரு ஆள் வீட்டுல இல்லை. அந்த இடத்துலதான் போன் உட்கார்ந்திருக்கு. அவங்க போன் குடுத்தது பிள்ளை மேல அக்கறை இல்லாம இல்லை, பிள்ளை வெளிய லாரி ஓடுற ரோட்டுக்குப் போயிடக் கூடாதுன்னு.

28/
அன்னைக்கு ராத்திரி நான் செஞ்சது இவ்வளவுதான். அப்பாகிட்ட, “இது வலிப்பு மாதிரி தெரியல, பேயும் இல்லை, பயம்”னேன். “நாலு நாளைக்கு அவன்கூடப் படுங்க, விளக்கு எரியட்டும், படுக்கை நனைஞ்சா திட்டாதீங்க.” தாயத்தைக் கழட்டச் சொல்லல. அது அவங்களுக்குத் தைரியம்னா இருக்கட்டும். அடிக்கிறதைத்தான் நிறுத்தச் சொன்னேன். அடிச்சா பயம் போகாது, சொல்றதுதான் நிக்கும்.

29/
அப்புறம் பையன் முன்னாடியே அப்பாகிட்ட சொன்னேன்: “போன் எடுத்ததை அவன் சொல்லிட்டான். இனி அதுக்கு அடி கிடையாது, சரியா?” அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “அவ்ளோதானாடா?”ன்னார். பையன் அப்பதான் அழுதான். முதல் தடவையா சத்தமா. ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. தூங்குறான். படுக்கை ஒரு நாள்தான் நனைஞ்சிருக்கு.

30/
வீட்டுல இப்படி ஒரு பிள்ளை இருந்தா:
• முதல்ல கேளுங்க: என்ன பார்த்த? யார் வருவான்னு நினைக்கிற? நீ ஏதாவது தப்பு செஞ்சதா நினைக்கிறியா?
• ஏழு வயசுக்குள்ளன்னா கூட இருங்க. மேலன்னா விளக்கிச் சொல்லுங்க.
• ‘பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்’ வேண்டாம். வீடியோ கம்பெனிக்கு நாம ஓசியில வேலை பார்க்க வேண்டாம்.
• படுக்கப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போனை வாங்கி வைங்க.

31/
ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கோங்க. தூங்கின கொஞ்ச நேரத்துலயே எழுந்து அலறி, யாரையும் அடையாளம் தெரியாம, காலையில் எதுவும் ஞாபகம் இல்லைன்னா அது பெரும்பாலும் ‘நைட் டெரர்’. பிள்ளையை உலுக்க வேண்டாம், கீழ விழாம பார்த்துக்கோங்க, தானா அடங்கும். விடியற்காலை எழுந்து கனவைச் சொல்லி அழுதா அது கெட்ட கனவு. அதுக்கு நீங்கதான் வேணும்.

32/
உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியது: கை கால் வெட்டி இழுத்தா, நாக்கைக் கடிச்சா, நினைவு தப்பினா, காய்ச்சலோட பிதற்றினா. பயம் சில வாரத்துக்கு மேல நீடிச்சா, பள்ளிக்கூடமே போகலைன்னா மனநல ஆலோசனை கேளுங்க. டெலிமானஸ் 14416, தமிழக அரசோட 104, ரெண்டும் இலவசம். பிள்ளைங்க உதவிக்கு 1098.

33/
பயமுறுத்துற கதையே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். பாட்டி சொன்ன பேய்க்கதை இல்லாத ஊர் உலகத்துல எங்கயும் இல்லை. நான் இன்னைக்கும் ‘விடாது கருப்பு’ விரும்பிப் பார்ப்பேன். ஆனா பேய்க்கதை சொன்ன பாட்டி, சொல்லி முடிச்சதும் எழுந்து போகலை. பக்கத்துலயேதான் படுத்திருந்தாங்க. கதையை போன் சொல்லட்டும், பக்கத்துல படுக்கிறது நாமளா இருக்கணும்.

34/
உங்க வீட்டுல இன்னைக்கு ராத்திரி ஒரு பிள்ளை “நான் தனியாப் படுக்க மாட்டேன்”னு சொன்னா, சிரிக்காம ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அதுக்குப் பின்னாடி ஒரு ரெண்டு ரூபா இருக்கலாம்.